போர்ட் சிக்காகோ: குண்டு ஏற்ற மறுத்த ஐம்பது பேர்

1944 ஒக்டோபர் 24. சன் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் நடுவில் இருக்கும் கடற்படைத் தளமொன்றில் இராணுவ நீதிமன்றத்தின் ஏழு அதிகாரிகள் தீர்ப்பை ஆலோசிக்க எழுந்து போனார்கள். எண்பது நிமிடத்தில் முடிவு வந்துவிட்டது. குற்றஞ்சாட்டப்பட்ட 50 பேருமே குற்றவாளிகள். கணக்குப் பார்த்தால் ஒரு ஆளுக்கு 96 செக்கன். ஒவ்வொருவருக்கும் 15 வருடச் சிறை.

அவர்கள் செய்த குற்றத்தின் பெயர் கலகம். போர்க்காலத்தில் கலகம் எண்டால் மரணதண்டனையே விதிக்கலாம். ஆனால் இந்த 50 பேரும் ஆயுதம் தூக்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை, கப்பலைக் கைப்பற்றவில்லை. கப்பலில் வெடிபொருள் ஏற்றுவதற்கு மாட்டோம் என்றார்கள், அவ்வளவுதான். அதற்கு மூன்று கிழமைக்கு முன் அதே வேலையைச் செய்துகொண்டிருந்த அவர்களுடைய தோழர்கள் ஒரே நொடியில் காணாமல் போயிருந்தார்கள். அன்று செத்தவர்கள் 320 பேர்.

அந்த 320 பேரின் சாவு பற்றியும் ஒரு விசாரணை நடந்தது. அது 39 நாள் நடந்தது. கடைசியில் ஒரு அதிகாரி கூடத் தண்டிக்கப்படவில்லை. ஒரே சம்பவத்திலிருந்து பிறந்த இந்த இரண்டு விசாரணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

ஊரும் இறங்குதுறையும்

இடத்தைப் பற்றி முதலில் சொல்லவேணும். போர்ட் சிக்காகோ என்ற பெயரைக் கேட்டு சிக்காகோ நகரத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது கலிபோர்னியாவில் சன் பிரான்சிஸ்கோவுக்கு வடகிழக்கே, சூசன் விரிகுடாக் கரையில் இருந்த ஒரு சின்ன ஊர். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா இறங்கியதும் பசுபிக் களத்துக்குக் குண்டுகளும் எறிகணைகளும் கப்பல் கப்பலாகத் தேவைப்பட்டன. ஊரிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றரில் கடற்படை ஒரு வெடிபொருள் இறங்குதுறையைக் கட்டியது. ரயிலில் வரும் பெட்டிகளைத் திறந்து, உள்ளே இருப்பதைக் கையாலும் வலையாலும் கப்பலின் சரக்கறைக்குள் இறக்குவது இங்கே இரவு பகலாக நடந்தது. 1942 டிசம்பரில் முதல் கப்பல் ஏற்றப்பட்டது.

இந்த வேலையைச் செய்தவர்கள் எல்லாரும் கறுப்பினத்தவர். மேற்பார்வை செய்த அதிகாரிகள் எல்லாரும் வெள்ளையர். இது தற்செயல் இல்லை. அமெரிக்கக் கடற்படை 1942 வரைக்கும் கறுப்பின இளைஞர்களைச் சமையலறைக்கும் அதிகாரிகளுக்குச் சாப்பாடு பரிமாறுவதற்கும்தான் சேர்த்தது. 1942இல் பொதுச் சேவைக்குள் எடுப்பதாக அறிவித்தார்கள். போர்க்கப்பலில் போய்ச் சண்டை பிடிக்கலாம் எண்டு நம்பித்தான் பலர் சேர்ந்தார்கள். பயிற்சி முடிந்து வந்தபோது கிடைத்ததோ மூட்டை சுமக்கிற வேலை. கொழும்பு புறக்கோட்டையில் 'நாட்டாமை' எண்டு சொல்லுவமே, கிட்டத்தட்ட அதே வேலை. ஒரு வித்தியாசம், இங்கே மூட்டைக்குள் இருந்தது 450 கிலோ எடையுள்ள குண்டுகள்.

வெடிபொருளை எப்படிக் கையாள்வது என்று இவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்களை மேய்த்த அதிகாரிகளில் பெரும்பாலானோருக்கும் அந்தப் பயிற்சி இருக்கவில்லை. பாதுகாப்பு விதிகள் இறங்குதுறையில் ஒட்டப்பட்டிருந்தன, படையினர் தங்கியிருந்த விடுதிகளில் ஒட்டப்படவில்லை. மேற்குக்கரையின் துறைமுகத் தொழிலாளர் சங்கம், அனுபவம் இல்லாத ஆட்களை வைத்து இந்த வேலையைச் செய்தால் விபரீதம் வரும் என்று கடற்படையை எச்சரித்து, தங்கள் ஆட்களை அனுப்பிப் பழக்கித் தருவதாகவும் கேட்டது. அது எடுபடவில்லை.

எல்லாவற்றையும் விட மோசமானது வேகம். ஒரு சரக்கறை வாயிலுக்கு மணிக்குப் பத்துத் தொன் என்று மேலிடம் இலக்கு வைத்தது. தொழிலாகவே இதைச் செய்த துறைமுகத் தொழிலாளர்கள் கூட அந்த இலக்கை எட்டியதில்லை. எந்தப் பிரிவு எவ்வளவு ஏற்றியது என்பது கரும்பலகையில் எழுதி வைக்கப்பட்டது. தன் பிரிவுதான் முன்னுக்கு வரும் என்று அதிகாரிகள் தங்களுக்குள் பந்தயம் கட்டினார்கள். குதிரைப் பந்தயத்தில் குதிரைக்கு எவ்வளவு விளங்குமோ அவ்வளவுதான் இந்தப் பெடியங்களுக்கும் விளங்கியிருக்கும் எண்டு நினைத்தார்களோ தெரியாது. ஆனால் அவர்களுக்கு நன்றாகவே விளங்கியிருந்தது. பயமாக இருக்கிறது என்று சொன்னவர்களுக்குக் கிடைத்த பதில், குண்டுகளில் வெடிமுனை பூட்டப்படவில்லை, ஆகவே வெடிக்காது என்பது. உண்மையில் அன்றிரவு ஏற்றப்பட்டவற்றில் வெடிமுனை பூட்டிய தீக்குண்டுகளும் இருந்தன.

யூலை 17 இரவு

அன்று இரண்டு கப்பல்கள் துறையின் இரண்டு பக்கமும் நின்றன. ஒன்று 'ஈ. ஏ. பிரையன்'. நான்கு நாளாக ஏற்றி அதற்குள் ஏறத்தாழ 4,600 தொன் வெடிபொருள் சேர்ந்திருந்தது. மற்றது 'குவினோல்ற் விக்ரறி', அன்று பின்னேரம்தான் வந்த புத்தம் புதுக் கப்பல், முதற்பயணத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் துறைமேல் 16 ரயில் பெட்டிகள், அவற்றுக்குள் இன்னும் ஏறத்தாழ 430 தொன்.

இரவு 10.18க்கு முதல் வெடிப்பு. ஆறேழு செக்கன் கழித்து இரண்டாவது. இரண்டாவதுதான் எல்லாவற்றையும் கொண்டுபோனது. பேர்க்லியில் இருந்த நிலநடுக்கக் கருவிகள் அதிர்ச்சியைப் பதிவுசெய்தன. ஏறத்தாழ 9,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த விமானமொன்றின் விமானி, தன்னையும் தாண்டித் துண்டங்கள் மேலே போனதைக் கண்டதாகச் சொன்னார். 'ஈ. ஏ. பிரையன்' கப்பலில் அடையாளம் காணக்கூடிய ஒரு துண்டும் மிஞ்சவில்லை. 'குவினோல்ற் விக்ரறி'யின் பின்பகுதி ஏறத்தாழ 500 அடி தள்ளித் தண்ணீருக்குள் தலைகீழாகக் கிடந்தது. இறங்குதுறை இருந்த இடத்தில் இறங்குதுறை இல்லை.

துறையிலும் கப்பல்களிலும் இருந்த ஒருவரும் தப்பவில்லை. மொத்தம் 320 பேர், அதில் 202 பேர் குண்டு ஏற்றிக்கொண்டிருந்த கறுப்பினப் படையினர். முழுமையாக எடுத்து அடையாளம் காண முடிந்த உடல்கள் 51 மட்டும். காயப்பட்டவர்கள் 390 பேர். விடுதிகளில் நித்திரைக்குப் போயிருந்தவர்கள் பலர் ஜன்னல் கண்ணாடி பாய்ந்து கண்ணை இழந்தார்கள். ஊருக்குள்ளும் வீடுகள் சிதைந்தன, படம் பார்த்துக்கொண்டிருந்த சனத்தின் மேல் தியேட்டர் சுவர் நெளிந்தது. இரண்டாம் உலகப்போர் முழுவதிலும் அமெரிக்கக் கடற்படையில் கறுப்பினத்தவருக்கு ஏற்பட்ட இழப்பில் ஏறத்தாழ 15 வீதம் இந்த ஒரு இரவில், எதிரியின் ஒரு குண்டு கூடப் படாமல், சொந்த நாட்டில் நடந்தது.

இப்படியான விபத்து அதற்கு முன் நடக்காதது இல்லை. 1917 டிசம்பரில் கனடாவின் ஹலிபக்ஸ் துறைமுகத்தில் வெடிபொருள் ஏற்றிய 'மொன் பிளான்' இன்னொரு கப்பலோடு மோதி, நகரத்தின் ஒரு பகுதியையே அழித்தது. போர்ட் சிக்காகோவுக்கு மூன்றே மாதத்துக்கு முன், 1944 ஏப்ரல் 14இல், பம்பாய் விக்ரோறியா துறையில் நின்ற 'போர்ட் ஸ்டிக்கைன்' வெடித்துப் பல நூறு பேர் செத்தார்கள். அந்தக் கப்பலில் பஞ்சுப் பொதிகளையும் வெடிபொருளையும் ஒன்றாக ஏற்றியிருந்தார்கள். மூன்றும் போர்க்காலம், மூன்றிலும் அவசரம். வழமையான பாதுகாப்பு ஏற்பாடுகளைப் போரின் பெயரால் தளர்த்தும்போது முதலில் சாகிறது துறைமுகத்தில் வேலை செய்கிற சனமும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிற சனமும்தான்.

முதலாவது விசாரணை

வெடிப்பு நடந்து நாலாம் நாள் கடற்படையின் விசாரணை மன்றம் கூடியது. 39 நாளில் 125 பேர் சாட்சி சொன்னார்கள். அந்த 125 பேரில் கறுப்பினப் படையினர் 5 பேர்.

இந்த எண்ணிக்கையை நான் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேலையைச் செய்தவர்கள் முழுக்கக் கறுப்பினத்தவர். எந்த வின்ச் இழுபட்டது, எந்த வின்சின் பிரேக் வேலை செய்யவில்லை, குண்டு எப்படி உருண்டு போய் மற்றக் குண்டில் முட்டியது, எந்த அதிகாரி 'கெதியா, கெதியா' எண்டு கத்தினார் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் அவர்கள். அவர்களிடம்தான் கேட்கவில்லை.

மன்றம் வெடிப்புக்கான காரணத்தை உறுதியாகக் கண்டுபிடிக்கவில்லை. துறையில் நின்ற ஒருவரும் உயிரோடு இல்லாதபடியால் அதை விளங்கிக்கொள்ளலாம். ஆனால் காரணம் தெரியாது என்று சொன்ன அதே மன்றம் பொறுப்பைப் பற்றி மட்டும் தெளிவாக இருந்தது. வேகப் போட்டியால் ஆபத்து எதுவும் கூடவில்லை, அதிகாரிகளில் பிழை இல்லை. கட்டளைத் தளபதிக்கோ இலக்கு வைத்த மேலதிகாரிக்கோ தண்டனை இல்லை. சாத்தியமான காரணங்களின் பட்டியலில் ஏற்றியவர்களின் முரட்டுக் கையாளுகை இடம்பிடித்தது. கறுப்பினத்தவர்களுக்கு வெடிபொருள் கையாளும் திறமை போதாது என்ற தொனியிலும் பேச்சு நடந்தது. திறமை போதாது என்று நினைத்தவர்கள் ஏன் அவர்களை மட்டும் அந்த வேலைக்கு வைத்தார்கள்? ஏன் பயிற்சி கொடுக்கவில்லை? அந்தக் கேள்விக்கு அறிக்கையில் இடமில்லை.

நட்டஈட்டுக் கதையும் இதே மாதிரித்தான். செத்தவர்களின் குடும்பங்களுக்கு 5,000 டொலர் வரை கொடுக்க அமெரிக்கக் காங்கிரசில் யோசனை வந்தது. மிசிசிப்பியின் பிரதிநிதி ஜோன் ராங்கின், இறந்தவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர் என்று தெரிந்ததும் அதை 2,000 ஆகக் குறைக்கச் சொன்னார். கடைசியில் 3,000 டொலரில் வந்து நின்றது. பிணத்துக்குக் கூட நிறம் பார்த்துப் பேரம் பேசினார்கள் எண்டு சொன்னால் அது மிகை இல்லை.

இடது பக்கம் திரும்பும் வீதி

உயிர் தப்பியவர்களில் ஏறத்தாழ 200 பேர் அங்கேயே நின்று துப்புரவாக்கும் வேலையைச் செய்தார்கள். துப்புரவாக்குதல் என்பதன் பொருள், நேற்றுவரை பக்கத்துக் கட்டிலில் படுத்தவனின் கையையோ காலையோ கூடையில் பொறுக்குவது. வெள்ளை அதிகாரிகளுக்கு 30 நாள் விடுமுறை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கறுப்பினப் படையினரும் கேட்டார்கள், அவர்களுக்கு இல்லை. காயப்பட்டு ஆசுப்பத்திரியில் இருந்தவர்களுக்கும் இல்லை.

அவர்களை வலெஹோ என்ற இடத்துக்கு மாற்றினார்கள். அருகே மெயர் தீவில் இன்னொரு வெடிபொருள் துறை இருந்தது. ஓகஸ்ட் 9ஆம் திகதி, அதாவது வெடிப்பு நடந்து 23ஆம் நாள், 328 பேரை வரிசையில் நடத்திக் கொண்டுபோனார்கள். எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வீதி ஒரு இடத்தில் பிரிகிறது. இடது பக்கம் திரும்பினால் வெடிபொருள் துறைக்குப் போகும் படகு. இடது பக்கம் திரும்பும்படி கட்டளை வந்தது. வரிசை நின்றுவிட்டது.

ஒருவரும் கத்தவில்லை. அதிகாரிகள் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். வேறு எந்த வேலை தந்தாலும் செய்கிறோம், வெடிபொருள் ஏற்றமாட்டோம், பயமாக இருக்கிறது என்றார்கள். 258 பேர் மறுத்தார்கள். அவர்களைத் துறையில் கட்டியிருந்த ஒரு பார்ஜுக்குள் நெருக்கி அடைத்து மூன்று நாள் வைத்தார்கள். அந்த நெரிசலுக்குள் சண்டை சச்சரவு வரத் தொடங்கியபோது, ஜோ ஸ்மோல் என்ற 23 வயது மாலுமி எல்லாரையும் கூட்டி, ஒழுங்காக இருங்கோ, அதிகாரிகளுக்குச் சாட்டு ஒன்றும் கொடுக்காதீங்கோ என்ற கருத்தில் சில நிமிடம் பேசினார். சதி நடந்தது என்பதற்கு இந்தப் பேச்சைத்தான் பிறகு வழக்குத்தொடுநர் தரப்பு பெரிய ஆதாரமாகக் காட்டியது.

ஓகஸ்ட் 11ஆம் திகதி அட்மிரல் கார்ல்ரன் ரைற் வந்தார். போர்க்காலக் கலகத்துக்கு மரணதண்டனை உண்டு, குண்டு ஏற்றுவதில் இருக்கும் ஆபத்தை விடத் துப்பாக்கிப் படையணியின் முன் நிற்கும் ஆபத்து பெரிது என்ற பொருள்படச் சொல்லிவிட்டுப் போனார். பயத்தால் மறுத்தவர்களை இன்னும் பெரிய பயத்தைக் காட்டி வழிக்குக் கொண்டுவருவதுதான் திட்டம். பெரும்பாலானவர்கள் வேலைக்கு ஒத்துக்கொண்டார்கள். ஆனாலும் அந்த 208 பேரும் கட்டளையை மீறியதாகத் தண்டிக்கப்பட்டு மூன்று மாதச் சம்பளத்தை இழந்தார்கள். மீதி 50 பேர் கலக வழக்குக்குப் போனார்கள்.

இரண்டாவது விசாரணை

அந்த 50 பேரைப் பாருங்கோ. ஒருவர் மறுப்புக்கு முதல் நாள்தான் மணிக்கட்டை உடைத்துக்கொண்டவர், கையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அவரால் குண்டு தூக்கவே முடியாது. இரண்டு பேர் உடல்நிலை சரியில்லாததால் சமையலுக்கு விடப்பட்டவர்கள், அதுவரை குண்டு ஏற்றியதே இல்லை. இவர்களையும் சேர்த்துத்தான் 'கலகக்காரர்'.

செப்டெம்பர் 14இல் வழக்குத் தொடங்கியது. சட்டக் கேள்வி எளிமையானது. கலகம் என்றால் என்ன? எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள், படை அதிகாரத்தைக் கவிழ்க்கும் அல்லது கைப்பற்றும் நோக்கம் இருந்தால்தான் அது கலகம் என்று வாதிட்டார்கள். பயத்தில் மறுப்பது, அதிகபட்சம், ஒரு தனிக் கட்டளையை மீறுவது. வழக்குத்தொடுநர் ஜேம்ஸ் கோக்லியின் வாதம், பலர் சேர்ந்து ஒரே நேரத்தில் மறுத்துக்கொண்டிருந்தால் அதுவே கலகம் என்பது. நீதிமன்றம் அந்தப் பக்கம் நின்றது.

இந்த இரண்டு வரைவிலக்கணத்துக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதை ஏற்றுக்கொண்டால், தனியாகப் பயந்தவன் கோழை, சேர்ந்து பயந்தவர்கள் சதிகாரர். ஆபத்தான வேலையைப் பற்றி முறையிடத் தொழிலாளிக்கு வழி இருக்கும், சங்கம் இருக்கும். சீருடை போட்டவனுக்கு அது இல்லை. முறையிட வழியில்லாத இடத்தில் வேலையை நிறுத்துவது மட்டும்தான் மிஞ்சிய மொழி. அந்த மொழிக்கும் அரசு தயாராக ஒரு பெயர் வைத்திருந்தது.

கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் தலைமை வழக்கறிஞர் தேர்குட் மார்ஷல் ஒக்டோபரில் வந்து வழக்கைக் கவனித்தார். பின்னாளில் அமெரிக்க உயர்நீதிமன்றத்தின் முதலாவது கறுப்பின நீதியரசர் ஆனவர் இவர்தான். நீதிமன்றத்தில் பேச அவருக்கு இடமில்லை, ஆகவே வெளியில் பத்திரிகையாளர்களிடம் பேசினார். இந்த வழக்கில் விசாரிக்கப்பட வேண்டியது கடற்படைதான் என்பது அவர் வாதம். ஏன் ஏற்றுகிறவர்கள் எல்லாரும் ஒரே நிறம்? ஏன் பயிற்சி இல்லை? ஏன் அதிகாரிகள் பந்தயம் பிடித்தார்கள்? முதலாவது விசாரணை கேட்காமல் விட்ட கேள்விகள் இவை. 1945இல் அவர் மேன்முறையீட்டுக்கு வாதம் சமர்ப்பித்தார். தீர்ப்பு அசையவில்லை. என்.ஏ.ஏ.சி.பி. இந்தக் கதையை ஒரு சிறு பிரசுரமாக வெளியிட, ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ற் அதில் ஒரு பிரதியைக் கடற்படைச் செயலாளருக்கு அனுப்பினார்.

அட்மிரல் ரைற் 40 பேருக்குத் தண்டனையைக் குறைத்தார், 8 வருடம் முதல் 12 வருடம் வரை. போர் முடிந்த பிறகு, 1946 ஜனவரியில், 47 பேர் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். தண்டனை முடிந்தது, ஆனால் 'கலகக்காரர்' என்ற தீர்ப்பு அப்படியே இருந்தது.

இடைப்பட்ட காலத்தில் கடற்படை சத்தமில்லாமல் பல விசயங்களை மாற்றியது. குண்டு ஏற்ற வெள்ளையர் பிரிவுகளையும் அனுப்பியது, பயிற்சியைக் கட்டாயமாக்கியது, 1946 பெப்ரவரியில் நிறப் பாகுபாட்டை நீக்கும் உத்தரவை வெளியிட்டது. ஜனாதிபதி ட்ரூமன் முப்படைகளுக்கும் சேர்த்து அதே வகை ஆணையைப் பிறப்பித்தது 1948இல். அதாவது மறுத்தவர்கள் சொன்னது சரி என்பதை நடைமுறையில் ஏற்றுக்கொண்டார்கள். எழுத்தில் ஏற்றுக்கொள்ள மட்டும் இன்னும் 76 வருடம் தேவைப்பட்டது.

மன்னிப்பா, குற்றமின்மையா?

இந்தக் கதை இன்று எங்களுக்குத் தெரிவதற்கு ரொபர்ட் அலன் என்ற ஆய்வாளரும் ஒரு முக்கிய காரணம். அந்தப் பழைய பிரசுரம் ஒன்று கையில் கிடைக்க, அவர் 1970களில் உயிரோடு இருந்தவர்களைத் தேடித் தேடிப் போய்ப் பேசினார். பலர் தங்கள் பிள்ளைகளுக்குக் கூடச் சொல்லாமல் வைத்திருந்த கதை அது. 1989இல் அவருடைய புத்தகம் வெளிவந்தது. வரலாறு படிக்கிற எங்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. உத்தியோகபூர்வ ஆவணம் 125 சாட்சிகளைக் கொண்டது, தடிப்பானது, ஒழுங்கானது. ஆனால் அதில் ஐந்து பேர் தவிர மற்றவர்களின் குரல் இல்லை. வாய்மொழி வரலாறு நம்பகமில்லாதது எண்டு யாராவது சொன்னால், ஆவணம் யாரிடம் கேட்காமல் எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துக் கேட்கவேணும்.

புத்தகம் வந்தபிறகு தீர்ப்பை நீக்கக் கோரிக்கைகள் வலுத்தன. 1994இல் கடற்படை வழக்கை மீளாய்வு செய்தது. வேலை ஒதுக்கியதில் இனப்பாகுபாடு இருந்ததை ஒப்புக்கொண்டது, தீர்ப்பில் பிழையில்லை என்றது. பாகுபாடான கட்டளையை மறுத்ததற்கான தண்டனை மட்டும் எப்படிப் பாகுபாடற்றதாக இருக்க முடியும் என்று எனக்கு விளங்கவில்லை.

1999 டிசம்பரில் ஜனாதிபதி கிளின்ரன், உயிரோடிருந்த ப்ரெடி மீக்ஸுக்கு மன்னிப்பு வழங்கினார். கதை தெரியவேணும் என்பதற்காக மீக்ஸ் அதைக் கேட்டுப் பெற்றார். ஆனால் வேறு சிலர் கேட்க மறுத்துவிட்டார்கள். மன்னிப்பு குற்றம் செய்தவனுக்குத்தான், நாங்கள் குற்றம் செய்யவில்லையே என்பது அவர்கள் நிலைப்பாடு. முதுமையிலும் அவர்கள் இரண்டாவது தடவையாக மறுத்தார்கள் என்று இதைச் சொல்லலாம். மீக்ஸின் முடிவையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒருவர் தன் வாழ்நாளுக்குள் ஏதோ ஒரு அங்கீகாரத்தைத் தேடுவது நியாயம். ஆனால் 'மன்னித்தோம்' என்கிற அரசு தன்னை மேலே வைத்துக்கொண்டு கீழே கையை நீட்டுகிறது. 'நீங்கள் குற்றமற்றவர்கள்' என்கிற அரசு தன் பிழையை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டாவது சொல்லுக்காகத்தான் அவர்கள் காத்திருந்தார்கள்.

2024 யூலை 17, எண்பதாவது ஆண்டு நிறைவில், அமெரிக்கக் கடற்படைச் செயலாளர் கார்லோஸ் டெல் ரோரோ 256 பேரைக் குற்றமற்றவர்கள் என்று அறிவித்தார். ஏற்கெனவே தீர்ப்பு நீக்கப்பட்டிருந்த இருவரையும் சேர்த்தால் அன்று வீதியில் நின்ற 258 பேர். வழக்கு நடந்த முறையிலேயே சட்டப் பிழைகள் இருந்ததாக இப்போது ஏற்றுக்கொண்டார்கள். அந்த அறிவிப்பைக் கேட்க 258 பேரில் ஒருவரும் உயிரோடு இல்லை. ரொபர்ட் அலனும் அதற்குச் சில நாள் முந்தித்தான் காலமானார்.

இன்று

போர்ட் சிக்காகோ என்ற ஊர் இப்போது இல்லை. 1944 வெடிப்பைத் தாங்கி மீண்டும் எழும்பிய அந்த ஊரை, வெடிபொருள் துறைக்குப் பாதுகாப்பு வலயம் வேண்டும் என்று 1968இல் கடற்படையே வாங்கி இடித்துவிட்டது. அது வியட்நாமுக்குக் குண்டு போய்க்கொண்டிருந்த காலம். ஆபத்தை நகர்த்துவதை விட ஆட்களை நகர்த்துவது லேசு. இது எங்களுக்குப் புதிய கதை இல்லை.

இறங்குதுறை இருந்த இடத்தில் 1994இல் நினைவிடம் திறக்கப்பட்டது. அது இன்றும் இயங்குகிற இராணுவத் தளத்துக்குள் இருப்பதால் நினைத்த நேரத்தில் போக முடியாது, முன்கூட்டியே பதிவுசெய்து அனுமதி பெறவேண்டும். கருங்கல்லில் 320 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

அந்தக் கல்லில் ஐம்பது பேரின் பெயர்கள் இல்லை. அவர்கள் அன்று சாகவில்லை, ஆகவே அங்கே இருக்க நியாயமில்லை. ஆனால் இன்று ஒரு துறைமுகத்தில் வெடிபொருள் ஏற்றுகிறவனுக்குப் பயிற்சி கொடுக்கப்படுகிறது என்றால், அதில் செத்தவர்களுக்கு இருக்கிற அளவு பங்கு, இடது பக்கம் திரும்பாமல் நின்றவர்களுக்கும் இருக்கிறது. போர்ட் சிக்காகோ பற்றி எழுதும்போது 320 என்ற எண்ணோடு நின்றுவிடாமல் 258 என்ற எண்ணையும் சேர்த்து எழுதவேணும் எண்டு நான் சொல்வது அதற்காகத்தான்.